ஒரு மூச்சில் ஒன்பது

அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கமலினி அவன் நெஞ்சுக்குள்ளே பார்த்துவிட்டாள். இப்படியும் ஒரு காதல் தொடங்குமா என்று கேட்டால் என்ன சொல்ல... இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதத்தில் ஒரகடத்தில் எதுதான் முறையாக நடந்தது?

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிற சங்கு மட்டும் நேரம் தவறாமல் ஊதும். கம்பெனி பஸ்ஸில் இறங்கி வர ஆளில்லை, ஏறிப் போகவும் ஆளில்லை. ஆறுவழிச் சாலையின் நட்டநடுவே நாய்கள் படுத்துத் தூங்கின. சிங்கப்பெருமாள் கோவில் போகிற வழியிலிருந்த அந்த ஸ்கேன் சென்டரில் மட்டும்தான் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் பேச்சுச் சத்தம் கிடையாது. இருமல் மட்டும் கேட்கும்.

கமலினிக்கு இருபத்தாறு வயது. அங்கே சி.டி. ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். வீடு ஸ்ரீபெரும்புதூரில். அப்பா திருநாராயணன் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், அறுபத்தேழு வயது. அவருக்குத் தன்னால் கொரோனா தொற்றிவிடக் கூடாதே என்று நாற்பது நாளாக வீட்டுப் பக்கமே போகாமல் சென்டரின் மாடி அறையில் தங்கியிருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, எதிரே ஒரு மைக். "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க." ஒரு நாளைக்கு எண்பது பேருக்குச் சொன்னாள். தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட வாய் தானாக அதை முணுமுணுத்தது.

அந்த இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வடக்குப்பட்டில் ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள். முதலில் மேஜைமேல் படுத்தவருக்குச் சீட்டில் வனமாமலை, வயது இருபத்தொன்பது என்று இருந்தது. நிற்க முடியவில்லை அவரால். காய்ச்சல் கொதித்தது, இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். சரி, நுரையீரல் மொத்தமும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால், அடிப்பகுதியில் லேசாக ஒரு புகை மூட்டம், அவ்வளவுதான். ஆனால் முதுகெலும்பு? முள்முள்ளாகத் தேய்ந்திருந்தது. பெரிய ரத்தக்குழாயின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு படிந்திருந்தது. இது எந்த ஊர் இருபத்தொன்பது... ஐம்பதுக்குக் குறையாது.

அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்த வட்டாரத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு முப்பத்தைந்துக்கு மேல் யாரையும் எடுப்பதில்லை. வயசானவர்கள் சொந்தக்காரப் பையனின் ஆதார் அட்டையில் உள்ளே போய்விடுவார்கள். கேட்டால் ஒருவரின் சோறு போகும். கமலினி கேட்டதே இல்லை.

அடுத்தது மாரிராஜ், இருபத்தேழு. இவன் படுத்ததுமே வம்புதான்.

"மூச்சைப் பிடிங்கன்னா பிடிக்கணும், பேசக்கூடாது" என்றாள் மைக்கில்.

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன் மேடம். நீங்க விடுங்கன்னு சொல்ல மறந்துட்டீங்கன்னா என்ன செய்யன்னு கேட்டேன்."

"மறக்க மாட்டேன்."

"இத்தனை பேர்ல ஒரு ஆளை மறக்கலாம்லா..."

எரிச்சலாகத்தான் வந்தது. இருந்தாலும் மாஸ்க்குக்குள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அந்த ஒரு மாதத்தில் அந்த அறையில் யாரும் இப்படிப் பேசியதில்லை. கண்ணாடி வழியாக அவன் கண்கள் மட்டும் தெரிந்தன... குறும்பு குறையாத, இமை அடர்ந்த கண்கள். பயம் என்பது துளியும் இல்லை. எனக்கு ஒன்றுமே இல்லை, மாமாவைத் தனியே அனுப்பினால் பயப்படுவாரே என்றுதான் கூட வந்தேன், லேசாகச் சோறு ருசிக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவனாகவே சொன்னான். சிரித்துக்கொண்டே மூச்சைப் பிடித்தான்.

திரையில் படம் வந்தது. கமலினியின் கை மௌஸ் மேலேயே நின்றுவிட்டது.

கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும். மேலிருந்து கீழ்வரை, நொறுங்கின கண்ணாடியை அள்ளித் தூவின மாதிரி. எலும்பு மட்டும் இருபத்தேழு வயசின் எலும்பு, வழவழவென்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரையில் இருந்த நெஞ்சு எழுந்து உட்காரக்கூடிய நெஞ்சே இல்லை. இரண்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

வழக்கமாகப் பெரியவர்களுக்குத்தான் படம் மோசமாக இருக்கும். அதற்கேற்ற மாதிரி அவர்களுக்கு மூச்சும் வாங்கும். இளசுகளுக்குப் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சில இளசு உடம்பு இருக்கிறதே, அது கடைசி வரைக்கும் பொய் சொல்லும். உள்ளே பாதி போனபிறகும் படியேறும், பாட்டுப் பாடும். ஏப்ரலில் ஒரு பையன் வந்தான், இருபத்துநாலு வயசு. இதே மாதிரி வெள்ளை. முடிவைச் சொல்வது டாக்டர் வேலை என்று அவள் வாய் திறக்கவில்லை. அவன் கையசைத்துவிட்டு நடந்து போனான். நாலாம் நாள் அவன் அண்ணன் வந்து, அந்தப் படத்தைக் கொடுங்கள், தம்பியின் உடம்புகூடக் கைக்கு வரவில்லை என்றார். அந்தக் கையசைப்பு இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை அவள் சும்மா இருக்கவில்லை. படத்தைச் சென்னை டாக்டருக்கு அனுப்பி உடனே பார்க்கச் சொன்னாள். நுரையீரல் பாதிப்பு இருபத்தைந்துக்குப் பதினேழு என்று வந்தது. மாமாவுக்கு நான்கு. கல்லூரிக் கட்டடம் ஒன்றில் போட்டிருந்த சிகிச்சை மையத்துக்குப் பன்னிரண்டு தடவை போன் அடித்து ஆக்சிஜன் உள்ள கட்டில் ஒன்றே ஒன்று பிடித்தாள். மாரிராஜ், இருபத்தேழு வயது என்று பெயர் எழுதச் சொன்னாள். அடுத்த ஆள் மேஜையில் படுத்திருந்ததால் வெளியே ஓடவும் முடியவில்லை. கவுன்ட்டரில் இருந்த எழிலரசியிடம் இரண்டு கவரையும் கொடுத்தனுப்பி, அவனை நேரே மையத்துக்குப் போகச் சொல்லச் சொன்னாள். போகிறேன் என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினானாம்.

அன்றைக்குத்தான் பல நாளைக்கு அப்புறம் அவள் சாப்பாட்டில் உப்பு இருப்பது தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்காமல் மையத்துக்குப் போன் போட்டாள். மாரிராஜ் எப்படி இருக்கிறார்? நல்லா இருக்காரே என்றாள் அங்கிருந்த நர்ஸ் முத்துச்செல்வி. காய்ச்சல் இறங்கிவிட்டது, காலையில் நாலு இட்லி சாப்பிட்டார், ஆக்சிஜன் வைக்காமலே தொண்ணூற்றேழு காட்டுகிறது, முட்டிவலிக்குத்தான் தைலம் கேட்கிறார்...

"முட்டிவலியா?"

"ஆமாங்க. இருபத்தேழுன்னு போட்டிருக்கு, பாத்தா அம்பது மாதிரி இருக்காரு. என்ன வேலையோ பாவம். நேத்து கொண்டாந்து விட்ட பையன்தான் ஜம்முனு சிரிச்சிக்கிட்டே போனான்."

நேற்று கமலினி பார்த்த அந்த நுரையீரல் தொண்ணூற்றேழு காட்டவே காட்டாது. அப்படியானால் அந்தக் கட்டிலில் படுத்திருப்பது வேறு ஒருவர். அந்த வெள்ளை நெஞ்சு வெளியில் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது...

பதிவேட்டில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டான்.

"மூச்சை இழுங்க மேடம்தானே?"

"நீங்க ஏன் அட்மிட் ஆகல?"

அவன் சொன்னதைக் கேட்டு அவளுக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்தானாம். நிற்க முடியாத மாமாவுக்கு நாலு, துள்ளிக்கொண்டிருக்கிற தனக்குப் பதினேழு. கூட்டத்தில் மேடம் கவரை மாற்றிப் போட்டுவிட்டார்கள், பாவம், திரும்பப் போய்க் கேட்டால் அவர்களுக்குத் திட்டு விழும் என்று அவனே சரிசெய்துவிட்டானாம். மாமா பெயர் உண்மையில் சுடலைக்கண்ணு. நாலு வருஷமாக வனமாமலை என்கிற பெயரில்தான் வேலை பார்க்கிறார். இன்றைக்கு ஒரு நாள் மாரிராஜ் என்று இருந்தால் என்ன குறைந்துவிடும்? தன் அட்டையை மாமா கையில் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு வந்துவிட்டான்.

"கவர் மாறல. அந்தப் பதினேழு உங்களுதுதான்."

"பெரியவங்களுக்குத்தானே மேடம் இது ஏறும்? நான் நேத்து மையத்துல இருந்து வடக்குப்பட்டுக்கு ஆட்டோல வந்து, ரூம்ல துணியெல்லாம் துவைச்சுப் போட்டேன்."

"உங்க மாமா முதுகெலும்பு தேஞ்சு போயிருக்கு. நான் பார்த்தேன். வெள்ளையா இருந்த படத்துல எலும்பு உங்க வயசு எலும்பு. ரெண்டையும் எடுத்தது நான். எனக்குத் தெரியாதா?"

அவன் குரல் இறங்கியது. அப்படியே இருந்தாலும் இருக்கட்டும் என்றான். இப்போது வந்து உண்மையைச் சொன்னால் மாமாவை எழுப்பி விட்டுவிடுவார்கள். பெயர் வெளியே வந்தால் கான்ட்ராக்டர் வேலையை விட்டுத் தூக்குவார். அப்பா இல்லாத என்னை ஒன்பது வயசிலிருந்து வளர்த்த மனுஷன், அவரிடமிருந்து கட்டிலைப் பிடுங்க மாட்டேன் என்றான். ரோஷக்காரன்.

"சரி. எனக்காக ஒண்ணு செய்யுங்க" என்றாள் கமலினி. "ஒரே மூச்சுல எண்ணுங்க. நல்ல நுரையீரலுக்கு முப்பது வரும். உங்களுக்கு எவ்வளவு வருதோ வரட்டும்."

"அதுக்கென்ன... ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டில் குரல் நூலானது. ஒன்பதோடு நின்றுவிட்டது. போனில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். பத்து வரவே இல்லை.

"ஃபேன் காத்துல விட்டுப் போச்சு மேடம்" என்றான் கடைசியில், மெதுவாக. பிறகு, "நீங்க மாமாகிட்டயே பேசுங்களேன். இந்தா பக்கத்துலதான ஒக்காந்திருக்காவ..."

மாமா ஏழு கிலோமீட்டர் தள்ளி மையத்தில் படுத்திருக்கிறார்.

மாரிராஜ், மாரிராஜ் என்று கூப்பிட்டாள். யாரிடமோ ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நூற்றெட்டைக் கூப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மறுபடி முத்துச்செல்வியைப் பிடித்து, கட்டிலில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். வேலை போய்விடுமே என்று அந்த மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எம்பேரு சுடலைக்கண்ணு. வயசு அம்பத்துநாலு" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சத்தமாகச் சொன்னார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக. "இது எம்மருமவன் கட்டில், தாயி. நான் கீழ பாய்ல கெடக்கேன். அவனைக் கொண்டாந்துருங்க."

வரிசையில் இருந்தவர்களை எழிலரசியிடம் விட்டுவிட்டு, சென்டரில் அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கமலினி வெளியே வந்தாள். வாசலில் ஷேர் ஆட்டோ கோதண்டம் நின்றிருந்தார். நேற்று அந்த இரண்டு பேரையும் ஏற்றி இறக்கினது அவர்தான்.

"அந்தப் பையனுக்கா மேடம்? இன்னா சொல்றீங்க, நேத்து சோக்கா பேசிக்கினு வந்தான்" என்றவர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு மேலே பேசவில்லை. "ஏறிக் குந்துங்க. வூடு எனக்குத் தெரியும்."

வடக்குப்பட்டை நெருங்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகல் மூன்று மணிக்கு விளக்கு வைக்கிற நேரம்போல இருட்டிவிட்டது. நீளமாக ஒரு கட்டடம், ஒரே மாதிரி பன்னிரண்டு கதவுகள். பதினொன்று பூட்டிக் கிடந்தன. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கொடியில் கம்பெனிச் சட்டைகள் நனைந்து தொங்கின. காற்று அடித்தபோது வரிசையாக ஆள் நின்று அசைகிற மாதிரி இருந்தது. கமலினிக்கு அந்த வரிசையைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. போனாள்.

பன்னிரண்டாவது கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். மாஸ்க் இல்லை. முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, நகமும் அப்படியே. அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்து, மாமா மழை வருது, உள்ள போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் குழாயை மூக்கில் வைத்தாள். அவன் கண்கள் சுற்றிச் சுற்றி வந்து வெள்ளை உடுப்பில் நின்றன. யார் இது, எதற்கு வந்திருக்கிறது என்று ஒரு மிரட்சி. கையைத் தட்டிவிடப் பார்த்தான்.

"மூச்சை இழுங்க" என்றாள் கமலினி.

அந்தக் கை அப்படியே நின்றது. கண்ணில் ஏதோ தெளிந்தது.

"நீங்களா..." என்றான். "விடச் சொல்ல மறந்துர மாட்டீங்களே?"

"மறக்க மாட்டேன். இழுங்க."

மையத்துக்கு ஆட்டோ போகிற வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இழுங்க... விடுங்க. இழுங்க... விடுங்க. மழை தார்ப்பாயில் அறைந்தது. அவள் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. எண்பது பேருக்குச் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் சாமி பேரைப் போலச் சொன்னாள்.

அந்தக் கட்டிலில் இருபத்திரண்டு நாள் கிடந்தான். முதல் ஆறு நாள் பிழைப்பானா என்று யாரும் சொல்லவில்லை. மாமா மூன்றாம் நாளே தேறி, கட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுக்கொண்டு நகர மறுத்தார். கமலினி தினம் மத்தியானம் போன் செய்வாள். ஏழாம் நாள் போனை அவனே வாங்கினான். ஹலோ சொல்லவில்லை. மெல்லிசாக, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று ஆரம்பித்து ஆறில் நின்றான். அவள் போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் எட்டு. அதற்கடுத்த வாரம் பதிமூன்று. வேறு பேச்சே கிடையாது. அந்த எண்ணிக்கைக்காக அவள் காலையிலிருந்து காத்திருக்கிறாள் என்பதை அவளே கவனித்துத் திடுக்கிட்டது எண்ணிக்கை பதினெட்டைத் தொட்ட அன்றுதான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு போன் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். நன்றாகிவிட்டான், இனி எதற்கு என்று நினைத்தானோ என்னவோ. தானாகக் கூப்பிட அவளுக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. நான் யார், படம் எடுத்தவள்தானே... இப்படிச் சொல்லிக்கொண்டாளே தவிர, இரண்டு மணிச் சங்கு ஊதும்போதெல்லாம் கண் போனுக்குத்தான் போனது.

ஆடி பிறந்து ஒரு வாரம். கமலினி இப்போது வீட்டிலிருந்தே வேலைக்கு வந்துபோனாள். மத்தியானத்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தது. மாரிராஜ், இருபத்தேழு. நுரையீரல் ஆறிவிட்டதா என்று பார்க்க மறு ஸ்கேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். பத்துக் கிலோ இளைத்திருந்தான். கண்கள் மட்டும் பழைய கண்கள். ஆனால் குறும்பு இல்லை, ஏதோ தயக்கம். மாமாவுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்துவிட்டது, சொந்தப் பெயரில், என்று மட்டும் சொன்னான்.

"ஏன் போன் பண்ணல?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "உங்க அப்பா கோயில்காரவன்னு எழிலரசி அக்கா சொன்னாவ. நான் யாருன்னு எனக்குத் தெரியும்லா மேடம். உயிரைக் கொடுத்தவகிட்ட இன்னும் எதையாவது கேக்குறது நல்லா இருக்காதுன்னு..."

அவள் படுக்கச் சொன்னாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள். தன் இடத்துக்கு வந்து மைக்கைப் பிடித்தாள்.

"மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க. இது ஒத்திகைதான், மிஷின் ஓடல. ஆனா பேசக்கூடாது. நீங்க ஒருத்தர் வாயை மூடியிருக்கிற நேரம் எனக்கு இது ஒண்ணுதான் கிடைக்கும்." ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டேன். மூணு நாள் என்னோட பேசல. நாலாம் நாள் அடுப்படியில தளிகை பண்ணிக்கிட்டே, அந்தப் பையனுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டார். அவர் சம்மதம்னு சொல்லல. ஆனா தினமும் கேக்கறார். உங்க முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே உங்க நெஞ்சுக்குள்ள பாத்துட்டேன், மாரிராஜ். அதுல மறைக்க ஒண்ணுமே இல்ல. என்னுதுல இருந்தது... இப்ப சொல்லிட்டேன். எனக்கு நீங்க வேணும்."

அறை முழுக்க ஏ.சி.யின் ரீங்காரம். மேஜையில் அசைவில்லை. அந்த வெள்ளைப் படம், அந்த நீல உதடு எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. ஐயோ, மறந்தே போனேனே...

"விடுங்க. மூச்சை விடுங்க."

நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை.

"முப்பத்தொண்ணு" என்றான் அவன்.

"என்ன?"

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிட்டிருந்தேன். முப்பத்தொண்ணு வந்துச்சு." குரல் உடைந்தது. தலைக்கு மேலிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அம்புட்டும் உங்க மூச்சுதான், கமலினி. நான் எங்க போக..."

அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் மாஸ்க் நனைந்துபோயிருந்தது. வெளியே இரண்டு மணிச் சங்கு ஊதியது. சாலையில் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்க, ஆட்கள் இறங்குகிற பேச்சுச் சத்தம் கேட்டது.

"கையை மேல வைங்க" என்றாள் கமலினி. "இப்ப நிஜமா எடுக்கணும். அசையாம இருங்க."